அம்மப்பாவின் கை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நேற்றும் அம்மப்பா கை பட்டுத் தேத்தண்ணிக் கிளாஸ் கவிழ்ந்தது. ஆனால் நேற்று நான் ஏசவில்லை மனே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாரிசவாதம் வந்த இந்த ஆறு மாதத்தில் அவரை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! கண்ணில் பிழையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளாஸைக் காட்டி அது என்னவென்று கேட்டால் "கிளாஸ்" என்று அம்மப்பா சரியாகச் சொல்கிறார், அரைவாசிதான் இருக்கிறது என்றும் சொல்கிறார். இடப்பக்கம் வைத்தால் மட்டும் கை நாலு விரல் தள்ளிப்போய் மேசையைத் தடவும். "பார்த்து எடுங்கப்பா" என்பேன். பிடிவாதம் என்றே நினைத்தேன். வாவியில் இருட்டோடு வீச்சுவலை எறிந்த கை, ஒரு கண்ணி பிசகாமல் வலை பொத்திய கை.

நீ சொன்ன பிறகுதான் விளங்கியது. கண் கண்டது பிடரிப்பக்க மூளைக்குப் போய், அங்கிருந்து இரண்டு வழியாகப் பிரிகிறதாம். காதுப்பக்கம் போகிற கீழ்வழி, இது கிளாஸ் என்று அறிகிறது. உச்சிப்பக்கம் போகிற மேல்வழி, கையை எங்கே நீட்டுவது, விரலை எவ்வளவு விரிப்பது என்று நடத்துகிறது. அம்மப்பாவுக்கு அடைப்பு வந்தது வலப்பக்க மேல்வழியில்.

1988இல் இத்தாலியில், குளிக்கும்போது ஹீட்டரிலிருந்து வந்த காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவில் மயங்கினாள் என்று நீ சொன்ன அந்த 34 வயதுப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கெட்டது கீழ்வழி. எதிரே இருக்கிற, தபால்பெட்டி வாய் போன்ற பிளவு நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று சொல்லத் தெரியாது. அட்டையைக் கொடுத்து உள்ளே போடச் சொன்னால் கை தானாகத் திரும்பிச் சரியாகப் போடும்! அவளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் குடேலும் மில்னரும் 1992இல் இந்த இரண்டு வழி விளக்கத்தை எழுதினார்கள். குடேல், நீ பனியில் பஸ்ஸுக்கு நிற்கிற அதே கனடா லண்டனில் படிப்பித்தவர் என்றாய். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

மேல்வழி கெட்ட ஒருவருக்கு ஒரு புள்ளியைக் காட்டி மறைத்து, 5 விநாடி பொறுத்துச் சுட்டச் சொன்னால் கை குறைவாகவே பிசகும் என்று 1999இல் கண்டார்கள் என்றாயே, நேற்று அதையும் செய்து பார்த்தேன். மேசையைத் துடைத்து, வெறும் கிளாஸை வைத்து, பார்த்தபின் கண்ணை மூடி ஐந்து எண்ணச் சொன்னேன். முதல் தரம் தப்பியது. இரண்டாந்தரம் அகப்பட்டது. கிளாஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஏசினதை மனசில வைக்காதீங்கப்பா" என்றேன்.

வலை ஊசி கேட்கிறார் மனே. வலப்பக்கம் வைத்துக் கொடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்
அம்மா