பார்டரில் இருப்பவருக்கு மாவு டப்பா எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் இரத்தம் எடுத்தே தலை நரைத்தவன் நான். கட்டுரையில் பாதிக்கு மேல் சரிதான். மீதியைப் படித்தவர்கள் எதிர்ப்புச் சக்தி மாவு வாங்க மணிபர்சைத் திறந்துவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

பக்கத்துத் தெருவில் ஒரு ஜீப் ஓட்டுநர் இருக்கிறார். விடியுமுன் கிளம்பி, கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கையில் ஒரு டப்பாவோடு வந்து நின்றார். அவருடைய இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, 6.1. 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; பேச்சு வழக்கில் 'பார்டர்' என்பார்கள். மாத்திரை தேவையில்லை, சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எதில் கவனம், எவ்வளவு கவனம் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே கடைக்குப் போய், எதிர்ப்புச் சக்தி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த சத்துமாவு வாங்கிவிட்டார்.

டப்பாவைத் திருப்பினேன். உட்பொருள்களில் எடை அதிகமுள்ளதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி, குளுக்கோஸ் அளவுக்கு வேகமாக இரத்தத்தில் ஏறக்கூடியது. அடுத்தது சர்க்கரை. துளசியும் அமுக்கராவும் கடைசிப் பந்திக்கு வந்த பாயசம் மாதிரி பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பார்டரில் இருப்பவர் தினமும் இரண்டு வேளை இதைப் பாலில் கலக்கிக் குடித்தால், பார்டரைத் தாண்ட வேறு உதவி தேவையில்லை.

எதிர்ப்புச் சக்தியைக் 'கூட்டுவது' என்ற பேச்சே இவர்கள் விஷயத்தில் பொருந்தவில்லை. இரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கியவர்கள் பலருக்கு, குறிப்பாகத் தொப்பை உள்ளவர்களுக்கு, உடலின் பாதுகாப்புப் படை ஓயாமல் லேசாகக் கனன்றுகொண்டே இருக்கிறது. காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. ஆனால் இந்தக் கனலைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை செய்தால் அளவு சற்று மேலே நிற்கும். இந்தக் கனல்தான் இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது. இவர்களுக்கு வேண்டியது அதை அடக்குவது.

அதற்கும் குடலுக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. நமக்குச் செரிக்காத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு இதுதான் முக்கிய எரிபொருள். எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. நார்ச்சத்து வராவிட்டால், பட்டினி கிடக்கும் பாக்டீரியாக்களில் சில சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும். சுவர் இளகினால் பாக்டீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசியும், கனல் மூளும். டென்மார்க்கில் பார்டரில் இருந்த 134 பேரை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், அந்தச் சளிப்படலத்தை ஒட்டி வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா இவர்களிடம் குறைவாக இருந்தது தெரிந்தது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இட்லியை உயிருள்ள பாக்டீரியாக்களின் களஞ்சியம் என்று எழுதியிருந்ததைப் படித்து என் மனைவி சிரித்துவிட்டார். மாவு புளிப்பது உண்மை. ஆனால் கொதிக்கும் ஆவியில் பத்து நிமிடம் வெந்த பிறகு அதில் எது உயிரோடு இருக்கும்? புளித்ததால் வேறு நன்மைகள் இருக்கலாம். அது வேறு கதை. உயிரோடு உள்ளே போக வேண்டுமென்றால் மோரும் தயிரும்தான். பழைய சோற்று நீராகாரமும் சேரும், சோற்றின் அளவு கைக்குள் இருக்கும்வரை. 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரை இரண்டு பிரிவாக்கி, பத்து வாரம் ஒரு பிரிவுக்குப் புளிக்கவைத்த உணவுகளையும் மற்றொன்றுக்கு நார்ச்சத்தையும் அதிகமாகக் கொடுத்துப் பார்த்தது. புளித்த உணவு சாப்பிட்டவர்களிடம் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியோடு, அதாவது நான் சொன்ன கனலோடு, தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் அப்படி ஒரே சீரான பலன் தெரியவில்லை. அவர்கள் பார்டர் நோயாளிகள் அல்லர், ஆரோக்கியமானவர்கள். எனவே மோர் ஒன்றே போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு ஒன்றைக் கட்டுரை விட்டுவிட்டது எனக்கு வருத்தம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில் 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் பார்டரில் இருந்தவர்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கப்படி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. 55க்கும் 39க்கும் நடுவில் இருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அதில் மாவு டப்பாவுக்கு வேலையே இல்லை.

ஜீப்காரரின் தூக்குவாளியையும் பார்த்தேன். அடி முதல் விளிம்பு வரை புளிச்சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. ராத்திரிக்குப் புரோட்டா. சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் மொச்சைக் குழம்பும் வாழைத்தண்டுப் பொரியலும் வைக்கும்படி அவர் மனைவியிடம் சொன்னேன். சின்னமனூரில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு எதுவானாலும் முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். முதல் வாரம் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். குடலுக்குப் பழக்கமில்லாமல் ஒரேயடியாகப் போட்டால் வயிறு உப்பி, மறுநாளே மொச்சையைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். மதியத்துக்குச் சர்க்கரை போடாத மோர் ஒரு பாட்டில். இதெல்லாம் நடக்கிறது. புரோட்டாவை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. ஆகையால் அடுத்த பரிசோதனையில் எண் இறங்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மருந்து வருகிறது, நல்ல திட்டம். பார்டர்காரருக்கு மாத்திரையும் இல்லை, எனவே கதவைத் தட்டவும் ஆள் இல்லை. அவர் வீட்டுக்குத் தவறாமல் வருவது ரேஷன் அரிசி, அதுவும் இலவசமாக. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும், விரும்புகிற அட்டைதாரர்களுக்கு அரிசியில் இரண்டு கிலோவைக் கழித்துக்கொண்டு கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஏற்பாட்டில் மற்ற மாவட்டங்களிலும் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ கேட்டு வாங்கிக்கொள்ள வழி செய்ய முடியுமா என்று உணவுத்துறையிடம் உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.