பேலீஃப் பண்ணை வீட்டை அரைகுறையா காட்டினது பத்தி புகார்

வணக்கம் சார்,

போன மாசம் உங்க இங்கிலாந்து டூர்ல வந்தவன் நான். ஹோட்டல், சாப்பாடு, பஸ் எதுலயும் எனக்கு குறை இல்ல. என் புகார் சிங்கிள்டன்ல, பழைய வீடுகள பிரிச்சு கொண்டு வந்து நிறுத்தியிருக்கற வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் திறந்தவெளி மியூசியத்துக்கு போன அன்னைக்கு நடந்தது பத்தி. "பழங்கால மரச்சட்ட வீடுகள், கைடு விளக்கத்தோட"னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க, நான் கட்டட வேலைல இருக்கறவன், அதை நம்பித்தான் மத்த கம்பெனிய விட்டுட்டு உங்ககிட்ட பணம் கட்டினேன்.

அங்க உங்க கைடு எங்கள பேலீஃப்ங்கற பழைய பண்ணை வீட்டு வாசல்ல நிக்க வச்சு, போட்டோ எடுத்துக்கங்க, இந்த மரமெல்லாம் பழைய கப்பல உடைச்சு எடுத்ததுனு சொல்லிட்டு, உள்ள ஒரு சுத்து சுத்திட்டு நேரா கஃபேக்கு கூட்டிட்டு போயிட்டார். கப்பல் மரம்ங்கறது இங்கிலாந்து பூரா இந்த மாதிரி வீடுகள பத்தி சொல்ற கட்டுக்கதை சார். வீட்டுக்குன்னே ஓக் மரத்த வெட்டி பச்சையா இருக்கும்போதே தச்சருங்க செதுக்கி துளை போட்டு மர ஆணி அடிச்சு பூட்டுவாங்க, ஏன்னா காஞ்ச ஓக்ல உளி லேசுல இறங்காது, பூட்டினப்பறம் காயக்காய ஜாயின்ட் இன்னும் இறுகிடும். சில மரத்துல சும்மா காலி துளை இருக்கும், அத பாத்துட்டுத்தான் கப்பல்னு கெளப்பி விடறாங்க. அது வேற கட்டடத்து மரத்த திரும்ப போட்டதாவோ, நடுவுல இருந்த தடுப்ப எடுத்ததாவோ இருக்கும்.

1400கள் தொடக்கத்துல கென்ட்ல சிடிங்ஸ்டன் பக்கம் கட்டின வீடு அது. பவ் பீச் நீர்த்தேக்கம் வந்ததால மரம் மரமா பிரிச்சு இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க. மர ஆணியடிச்ச ஜாயின்ட்டா இருக்கறதாலதான் அப்படி பிரிச்சு கோக்க முடிஞ்சது, இத சொல்லாம அந்த வீட்ட என்னத்த காட்டறது? ஹாலுக்கு மேல மாடியே கிடையாது, கூரை வரைக்கும் தொறந்து கெடக்கு, நடுத்தரையில நெருப்பு, சிம்னி இல்ல, புகை கூரை வழியாத்தான் போகணும். ஜன்னல்ல கண்ணாடி இல்ல, செங்குத்தா நிறுத்தின மரக்கம்பியும் மூடறதுக்கு பலகையும்தான். ரெண்டு பக்கமும் மாடி முன்னால நீட்டிட்டு இருக்க நடு ஹால் மட்டும் உள்ள தள்ளி நிக்குது, ஆனா கூரை ஒரே நேரா ஓடுது, அந்த எடத்துல கூரை விளிம்ப தாங்கறதுக்கு வளைஞ்ச மரம் குடுத்திருக்காங்க. எவ்வளவு யோசிச்சு செஞ்ச வேலை! இதுல ஒரு வார்த்தை கைடு சொல்லல. நான் ஒரு தூண்கிட்ட நின்னு துருத்திட்டு இருந்த ஆணித் தலைய தொட்டு பாத்துட்டு இருக்கும்போதே பஸ் கெளம்புதுனு கூப்டுட்டாங்க.

அந்த நாளுக்கு வாங்கின பணத்துல பாதியாவது திருப்பித் தரணும். அடுத்த குரூப்புக்கு அங்க அரை நாளாவது ஒதுக்குங்க, மியூசியத்துலயே விவரம் தெரிஞ்சவங்க இருக்காங்க, உங்க கைட அவங்ககிட்ட பேச வைங்க, அந்த கப்பல் கதைய முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. இந்த வாரத்துக்குள்ள மெயில்ல பதில் போடுங்க, புக்கிங் ரசீது இதோட அனுப்பியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க டூர்ல வந்த வாடிக்கையாளர்