வயசானா அப்படித்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதுமை ஆராய்ச்சி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதே சந்தோஷம். ஆனால் ‘150 வயது வரை வாழலாம்’ என்று தலைப்புப் போட்டதும், கட்டுரை முழுக்க மாத்திரைப் பேச்சாகவே போனதும் எனக்கு வருத்தம். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் வருத்தம் என்பது புரியும்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அம்மாவுக்கு 84 வயது. நாற்பது வருடம் நடவு நட்டவர். போன மாசி மாதம் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கூட்டிக்கொண்டு போன தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, “84 வயசாயிடுச்சும்மா, இனிமே அப்படித்தான். நடக்க விடாதீங்க, படுக்கையிலயே வச்சுப் பாத்துக்கங்க” என்றார்கள். நாங்களும் அப்படியே மூன்று வாரம் படுக்க வைத்தோம்.

அப்புறம் ஒருநாள் எழுந்து நிற்கச் சொன்னோம். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் பெருவிரல்கள் தரையை அழுத்தின. பாதி எழுவதற்குள் முழங்கால் கிடுகிடுவென்று நடுங்க, மறுபடி உட்கார்ந்துவிட்டார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன். என் ஒரு கைக்குள் அடங்கியது. விழுந்ததில் போகாத பலம் படுத்ததில் போயிருந்தது.

2007ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு எனக்கு அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. நோய்நொடி இல்லாத, சராசரி 67 வயதுக்காரர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்தே நாளில்! அம்மா படுத்திருந்தது இருபத்தொரு நாள். அதைவிட என்னை உலுக்கியது 1990ல் பாஸ்டனில் நடந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளரும் என்று தெரிந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்த மருத்துவமனையில் எங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

முதுமையின் தேய்வைத் தள்ளிப்போட முடியும் என்பதைத்தான் கட்டுரையில் வந்த மற்ற விஷயங்களும் சொல்கின்றன. 2011ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவ நிறுவன விஞ்ஞானிகள் செய்ததை எங்கள் ஊர் விவசாயிக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். துங்ரோ என்ற வைரஸ் நோய் பிடித்த நெல் குத்து வளராமல் மஞ்சளாக நிற்கும். தத்துப்பூச்சி அதிலிருந்து நோயை எடுத்துப் பக்கத்துக் குத்துகளுக்குக் கொண்டுபோகும். வயதான செல்கள் சிலவும் அப்படித்தான். பெருகாமலும் சாகாமலும் நின்று, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைக் கக்கி அக்கம்பக்கத்தைக் கெடுக்கின்றன. மேயோ விஞ்ஞானிகள் எலிகளின் உடம்பில் அந்தச் செல்களை மட்டும் களைந்தபோது கண்புரையும் தசைத் தேய்வும் தள்ளிப்போயின. சர்க்கரை, இதயநோய், மறதி எல்லாம் தனித்தனி வியாதி என்று நினைக்கிறோம். அவற்றுக்கு அடியில் முதுமை என்ற பொதுவான வேர் ஓடுகிறது, அந்த வேரைத் தொட முடியும் என்பதுதான் விஷயம். தலைப்பில் அதைப் போட்டிருக்கலாம்.

மாத்திரைப் பேச்சில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ராபமைசின் 2009ல் எலிகளின் ஆயுளைப் பெண் எலிகளுக்கு 14, ஆண் எலிகளுக்கு 9 சதவீதம் கூட்டியது உண்மை. மனிதர்களின் 60 வயதுக்குச் சமமான வயதில் ஆரம்பித்தும் பலன் கிடைத்தது என்பது ஆச்சரியம்தான். ஆனால் அது சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு, உடம்பு புது உறுப்பை எதிர்க்காமல் இருப்பதற்காக, எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து. கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. டாரின் என்ற சத்துப்பொருள் விஷயமும் அப்படியே. அது கொடுத்த எலிகள் 10 முதல் 12 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன, வயது ஏற ஏற ரத்தத்தில் அது குறைகிறது என்று 2023ல் வந்தது. 2025ல் அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தார் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது அது குறையவில்லை. பெரும்பாலும் அப்படியே இருந்தது அல்லது கூடியிருந்தது. இரண்டாவது செய்தி வருவதற்குள் எங்கள் தெருவில் இரண்டு பேர் பவுடர் டப்பா வாங்கிவிட்டார்கள். பென்ஷன் பணம், பாவம்.

அம்மாவுக்கு வழி காட்டியது கிராம சுகாதார நர்ஸ். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வந்த பெண் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். “கையை ஊணாம எந்திரிங்க பாட்டி” என்றார். முதல் நாள் ஒரு தடவைகூட முடியவில்லை. வைகாசிக் கடைசியில் பதினொரு தடவை. சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டுமாம். வயசானவர்களுக்கு லேசாக இருக்கட்டும் என்று நாம் கொடுக்கிற இரண்டு இட்லியில் நாலு கிராம் தேறினால் அதிகம். இப்போது ஒரு முட்டை, சுண்டல், கெட்டித் தயிர் சேர்த்துக் கொடுக்கிறோம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று கம்பை ஊன்றிக்கொண்டு மதகு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அந்தப் பார்வை தாலுகா மருத்துவமனை வரைக்கும் வரவேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டும். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பிரஷர் பார்ப்பதுபோல அதையும் எல்லா முதியவர்களுக்கும் பார்க்கலாம். அடுத்த இதழில் அதைச் செய்யும் முறையைப் படத்தோடு, பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்துக்கு உங்கள் இதழ் வருகிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்