வார்னிஷ் அடித்ததை வாங்காதே பாப்பா

அன்புள்ள பாப்பா,

எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று துப்பாக்கிப் படங்களையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை சத்தம் போட்டாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிக்கிறவனாக, இருபத்தாறு வருஷம் இந்த 303 லீ என்ஃபீல்டு என்கிற பிரிட்டிஷ் காலத்து ராணுவத் துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, பூட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒன்றுகூட வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை, இங்கே அது தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அதையே என் மகள் டெக்சாஸில் தேடித் தேடிச் சேர்க்கிறாள் என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பளபளவென்று வார்னிஷ் அடித்து ஒன்று இருக்கிறதே, நீ ஆசைப்படுவது, அது வேண்டாம். முன்கட்டையைப் பார், குழலின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ராணுவத் துப்பாக்கி என்றால் கட்டை குழலின் வாய் வரைக்கும் போகும், நுனியில் பயனெட் கத்தி மாட்டுகிற இரும்பு மூக்கு இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உங்கள் ஊரில் மலிவாக வந்து குவிந்ததை மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, எடை குறைய வேண்டும் என்று இப்படி அறுத்துவிட்டார்கள். சுடுவதற்கு அது நல்ல துப்பாக்கிதான். ஆனால் சேகரிக்கிறவர்கள் கணக்கில் அதற்கு மதிப்பு ரொம்பக் குறைவு. பழைய கட்டை, மூக்கு, பட்டைகள் எல்லாம் தேடி வாங்கி மாட்டப்போனால் நல்லதாக ஒன்றையே வாங்குகிற காசு ஆகிவிடும்.

உன் நண்பரின் அண்ணன் ஆப்கானிஸ்தானில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது என்றாயே, அதையும் விட்டுவிடு. தோட்டாவை ஏற்ற இழுத்துத் தள்ளுகிற போல்ட்டுக்குக் கீழே வலது பக்கத்து இரும்பில் கிரீடம், அதற்கடியில் விஆர், 1908 என்று இருக்கிறது. விஆர் என்றால் விக்டோரியா ராணி. அவர் இறந்தது 1901 ஜனவரியில். இந்தக் குட்டை லீ என்ஃபீல்டு படைக்கு வந்ததே அவருக்கு அப்புறம்தான், 1908-இல் ராஜா எட்வர்டு. என்ஃபீல்டு என்ற சொல்லில் ஆங்கில எழுத்து என் திரும்பிக் கிடப்பதையும் பார். பாகிஸ்தானில் கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் செய்து விற்கிற நகல் இது. அந்தக் கைவேலைக்கு என் மரியாதை உண்டு, ஆனால் என்ன இரும்பில் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுவரில் மாட்டலாம், குண்டு போட்டுச் சுடவே கூடாது.

வாங்க வேண்டியது அந்த மூன்றாவது, நீ அழுக்காக இருக்கிறது என்று ஒதுக்கினது. கிரீடத்துக்குக் கீழே ஜிஆர்ஐ, இஷாப்பூர், 1942. இங்கிலாந்தில் செய்ததில் ஜிஆர், அதாவது ராஜா ஜார்ஜ், மட்டும்தான் இருக்கும். கூட ஒரு ஐ இருந்தால் மன்னருக்குப் பேரரசர் பட்டமும் சேர்ந்து இந்தியாவில் அடித்த முத்திரை. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிற தொழிற்சாலை அது. 1947-க்கு முன்னால் கிரீடம், குடியரசான பிறகு அசோகச் சிங்கம், அந்த ஒரு விரல் அகல இரும்பிலேயே ஆட்சி மாறியது தெரியும். முன்கட்டையில் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போகிறது பார், கட்டை பிளக்காமல் இருக்க நம்மவர்கள் போட்டது. அதைக் குறை என்று நினைக்காதே.

பணம் கொடுக்கும் முன் போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்து எண்ணும் உடலில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பார். நாங்கள் முப்பது துப்பாக்கியை ஒரே நேரத்தில் துடைக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் துப்பாக்கிக்கு நேராகத்தான் இருக்கும், மாறினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. விலைக்காக மட்டும் சொல்லவில்லை. வேறு போல்ட் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விழுந்தால் சுடும்போது தோட்டாவே கிழியும். டிபி என்ற எழுத்து எங்காவது இருந்தால் அது கவாத்துக்கு ஒதுக்கிய துப்பாக்கி, சுடாதே. குழல் வாயையும் பார். குழலைத் துடைக்கிற புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து வாய் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அப்படி இருந்தால் குறி நிற்காது.

அப்புறம், வாங்கினதும் உப்புத்தாளை எடுத்துவிடாதே. சேர்ந்த புதிதில் ஆய்வு வருகிறது என்று பழைய பின்கட்டை ஒன்றைச் சுரண்டி வழவழவென்று ஆக்கினேன். பெயின்டுக்கு அடியில் யாரோ எப்போதோ போட்ட படைப்பிரிவு எழுத்து இருந்தது, பாதி போன பிறகுதான் கண்ணில் பட்டது. இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் தொட்டுத் தேய், கை சூடாகிற வரைக்கும், அது போதும். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அதன் உப்பு ராத்திரியோடு ராத்திரியாகக் குழலைத் துருவாக்கும். கொதிக்கிற தண்ணீரைக் குழலுக்குள் ஊற்று, கட்டின துணி ஈரமில்லாமல் வெளியே வருகிற வரை புல்த்ரூ இழு, பிறகு எண்ணெய்.

அடுத்து நீ தேடுகிற இஷாப்பூர் 2ஏ1 துப்பாக்கியை 303-இலிருந்து மாற்றினது என்று யாராவது விற்றால் நம்பாதே. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்கென்றே, உறுதியான எஃகில் புதிதாகச் செய்தது அது. மேகசின் சதுரமாக, 12 தோட்டா பிடிக்கும். 303 தோட்டா அதற்கு ஆகாது.

வீட்டில் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். துப்பாக்கி இரும்பு அலமாரியில், போல்ட் வேறு அறையில் வேறு பூட்டில். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. அந்த இஷாப்பூரின் போல்ட் கைப்பிடியை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு, எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன், அதற்கு முன்னால் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா