கூட்டில் இருப்பவனை விட்டுவிடு, அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் வெளுத்த வட்டம், அதன்மேல் அசையாமல் ஒரு கரும்பச்சை முதுகு. நீ நினைத்தது சரிதான், அது பாஸ் மீன் முட்டையிடும் கூடு. மேலே நிற்பது ஆண். சனிக்கிழமை அங்கே தூண்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. போட்டால் கட்டாயம் கடிக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று போனில் சொன்னால் பாதியில் 'சரிம்மா' என்று வைத்துவிடுவாய், ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார். தண்ணீர் பதினைந்து டிகிரியைத் தொடும் வாக்கில் ஆண்கள் கரையோரம் வந்துவிடும். மணலோ பொடிக்கல்லோ உள்ள இடமாகப் பார்த்து, வாலால் அடித்து அடித்துச் சேற்றை விலக்கும். இரண்டடி அகலத்துக்குத் தரை சுத்தமானதும் பெண் வருவாள். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு அவள் கிளம்பிவிடுவாள். அதன்பின் காவல் முழுக்க அப்பாவுடையது. (இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.)

முட்டை பொரிய இரண்டிலிருந்து ஐந்து நாள். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். பொரித்த பிறகும் மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சுகள் கூட்டின் அடியிலேயே கிடக்கும், அப்புறம்தான் மேலெழுந்து கூட்டமாக நீந்தும். ஆண் அப்போதும் போகாது. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவலாகச் சுற்றுமே, அதே மாதிரிதான். இத்தனை நாளும் அது பெரும்பாலும் பட்டினி. துடுப்பால் முட்டைமேல் தண்ணீரை விசிறிக்கொண்டே, கிட்டே வருகிற எதையும் விரட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே கூட்டுக்குள் விழுகிற உன் ரப்பர் புழுவை அது கடிப்பது பசியால் இல்லை. ஒருநாள் வெயில் நேரத்தில், தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா பார். ஒரு குச்சி மிதந்து வந்தாலும் அது மூக்கைத் தாழ்த்தி உதட்டு நுனியால் எடுத்துப்போய் வட்டத்துக்கு வெளியே துப்பிவிட்டுத் திரும்பி வரும். திரும்பியதும் முதல் வேலையாக ஒரு சுற்று சுற்றும். சுற்றிலும் ப்ளூகில் என்கிற சின்ன மீன்கள் காத்துக்கொண்டிருக்கும், அதனால். காவல் இல்லையென்று தெரிந்த அடுத்த நிமிடம் அவை உள்ளே பாய்ந்து முட்டையைத் தின்னும். நீ மீனை இழுத்து, கொக்கியைக் கழற்றி, படம் எடுத்து, பத்திரமாகத்தான் விட்டேன் என்று சொல்லும் நேரம் அவற்றுக்குத் தாராளம். பாதிக்கு மேல் முட்டை போன கூட்டுக்கு ஆண் திரும்பாமலே போவதும் உண்டு.

இலினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்று சின்ன ஏரி ஒன்று. அங்கே கிடைத்த பாஸ்களில் அடிக்கடி தூண்டிலில் சிக்கியவற்றைத் தனியாகவும், சிக்காதவற்றைத் தனியாகவும் பிரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய வேலை. 2009இல் முடிவு வெளியானது. எளிதில் சிக்கும் குணம் பரம்பரையாக இறங்குகிறதாம். அந்த இரண்டு வம்சத்தையும் வைத்துப் பின்னால் செய்த ஆய்வுகள்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டன. சீக்கிரம் சிக்கும் வம்சத்து ஆண்களே கூட்டை இன்னும் கருத்தாகக் காத்தன. அதாவது கூட்டின்மேல் தூண்டில் போடுகிறவன் பொறுக்கி எடுப்பது நல்ல காவல்காரனை.

எதிர்ப்பக்கத்து வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமான தெற்கில், பெரிய ஏரிகளில், முட்டையிடும் பருவம் நீளம். நாலு கூடு போனாலும் மற்ற கூடுகள் ஈடுகட்டிவிடும், அங்கே மீன் குறையவில்லை என்று சொல்பவர்களில் மீனியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். உன் ஏரி சின்னது, கோடையும் குட்டை. குளிர்ப்பகுதிகளில் பல இடங்களில் இந்தக் காலத்தில் பாஸ் பிடிக்கவே தடை, சில இடங்களில் பிடித்து உடனே விடலாம். உன் பக்கத்து விதி என்னவென்று உரிமத்தோடு வரும் கையேட்டில் பார்த்துக்கொள். நான் சொல்வது விதி அனுமதித்தாலும் கூட்டை விடு என்று.

'பெரிய மீன் கூட்டில்தான் கிடைக்கும்' என்று படகுத்துறையில் யாராவது சொல்லியிருப்பார்கள். லார்ஜ்மவுத், அதாவது பெருவாய்ப் பாஸில் உலக சாதனை எடை இரண்டு பேருடையது. ஒன்று 1932 ஜூன் 2இல் ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி பிடித்தது. இன்னொன்று 2009 ஜூலை 2இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது. இரண்டும் பத்துக் கிலோவைக் கொஞ்சம் தாண்டியவை. வித்தியாசம் ஓர் அவுன்ஸுக்கும் குறைவு என்பதால் சமமென்றே எழுதிவிட்டார்கள். தேதிகளைப் பார்த்தாயா, இரண்டுமே கோடை. குரிதா மாட்டிய இரை எது தெரியுமா? உயிருள்ள ப்ளூகில். கூட்டில் முட்டை திருடும் அதே மீன்.

சரி, கூடு வேண்டாமென்றால் எங்கே போவது? உனக்கு இரண்டு நல்ல காலம் இருக்கிறது, கூட்டுக்கு முன்னும் பின்னும். முன்னது எனக்கு மிகப் பிடித்தது.

தண்ணீர் எட்டு, பத்து டிகிரிக்கு வந்ததும் மீன்கள் குளிர்காலப் பள்ளத்தைவிட்டு மெல்ல மேலே ஏறத் தொடங்கும். நேராகக் கரைக்கு வராது. வழியில் தங்கித் தங்கி வரும். ஏரிக்குள் நீண்டு இறங்கும் நிலமுனை, பழைய ஓடை வளைந்து கரையோரம் நெருங்கும் இடம், பச்சையாக மிஞ்சிய நீர்ப்பாசியின் வெளி ஓரம், இவைதான் தங்குமிடங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு அடி ஆழம். முட்டை சுமந்த பெண்கள் இங்கேதான் வயிறு புடைக்கத் தின்னும். அந்த ஆண்டின் கனமான மீன் இந்த நாட்களில்தான் அகப்படும், கூட்டில் நிற்கும் ஆண் அதற்குப் பாதிகூட இருக்காது.

வடகரையில் இருக்கும் ஒதுக்குக் குடாவை முதலில் பார். வாடைக்காற்று படாது, தெற்கு வெயில் நாள் முழுக்க விழும், அதனால் முதலில் சூடாவது அதுதான். ஒரே ஏரியில் ஒரு மூலையில் கூடு கட்டி முடித்திருக்கும், எதிர் மூலையில் மீன் இன்னும் பள்ளத்தை விட்டே கிளம்பியிருக்காது. ஆகவே படத்தில் இருக்கும் குடாவை விட்டுவிட்டு எதிர்க்கரை முனைக்குப் போனாயானால் உனக்கு முன்பருவம் இன்னும் மிச்சம் இருக்கும்.

குளிர்ந்த தண்ணீரில் ஜெர்க்பெயிட், அந்த ஒல்லியான மீன் வடிவப் பொய் இரை. இரண்டு சுண்டு, பிறகு நிறுத்து. எவ்வளவு நேரம் என்றால், சலிப்பு வரும்வரை, அதன்பின் இன்னும் கொஞ்சம். கடி பெரும்பாலும் அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான் வரும். இழுப்பாக வராது, நரம்பு தொய்ந்து பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். உன் அவசரத்துக்கு இது ஒத்துவராது என்று தெரியும். பன்னிரண்டு டிகிரி தாண்டியதும் உனக்குப் பிடித்த மாதிரி வேகமாக விளையாடலாம், முன்னால் தகட்டு நாக்கில்லாத கிராங்க்பெயிட்டை (அதுவும் மீன் வடிவப் பொய் இரைதான்) பாசிக்குள் ஓடவிட்டு, சிக்கியதும் வெடுக்கென்று பிடுங்கு. பாசியிலிருந்து விடுபடும் அந்த நொடியில் அடி விழும். காற்று அலையடிக்கும் கரையில் தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட். நிறம், சிவப்பு அல்லது பழுப்பு. நண்டு மாதிரியான கிரேஃபிஷ் அப்போது நடமாடத் தொடங்கியிருக்கும். மீதி நிறங்கள் எல்லாம் கடைக்காரருக்காக.

வானிலையில் ஒன்று மட்டும் கவனி. தொடர்ந்து மூன்று நாள் வெயில் காய்ந்து இரவும் குளிராமல் இருந்தால் வேலையை விட்டுவிட்டாவது போ (மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே). மழை கொட்டி ஓய்ந்து, மறுநாள் வானம் துடைத்துவிட்ட நீலமாக, வடகாற்று வீசினால் மீன் வாயைத் திறக்காது. வந்த வழியே அடுத்த பள்ளத்துக்கு இறங்கி மரக்கட்டைகளை ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குக் கனத்த தலையுள்ள கொக்கியான ஜிக் ஒன்றை மட்டும் எடுத்துப்போய் மெதுவாக நகர்த்து, இல்லையென்றால் வீட்டில் ரீலுக்கு எண்ணெய் போடு. பௌர்ணமியன்று எல்லாம் ஒன்றாகக் கூட்டுக்கு வரும் என்பார்கள். நான் நிலவைவிட வெப்பமானியை நம்புகிறேன்.

பின்பருவத்தில் முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெண்கள் களைத்துப்போய்த் துறைமேடைகளின் நிழலில், சாய்ந்த மரங்களின் கீழ் தொங்கிக்கொண்டு நிற்கும், கண்ணெதிரே ஆட்டினாலும் திரும்பாது. ஆண் ஒன்று அகப்பட்டால் வாலைப் பார், கீழ்விளிம்பு தேய்ந்து சிவந்திருக்கும், தரையைப் பெருக்கிய அடையாளம். மேற்பரப்பில் கறுப்பாகக் குஞ்சுக்கூட்டம் கலங்கிப் போனால் அதன் கீழேயும் ஒரு ஆண் உண்டு, அதையும் விடு.

பிறகு இருபது டிகிரி தாண்டியதும் ப்ளூகில் தன் கூடுகளைக் கட்டும், பத்து இருபது சேர்ந்து ஒரே இடத்தில். இப்போது முறை மாறும். பாஸ் அந்தக் கூட்டத்தின் ஆழமான ஓரத்தில் பதுங்கி நிற்கும். விடியற்காலையில் தண்ணீர்மேல் மிதந்து சத்தமிடும் பாப்பர் இரையைப் போடு. ஒரு 'ப்ளப்', அலை வட்டம் கரையும்வரை பொறு, இன்னொரு 'ப்ளப்'. தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடாதே. கையில் கனம் தெரிந்தபின் இழு. இந்த ஒரு விஷயத்தை எல்லோருக்கும் சொல்லித்தரலாம், ஒருவருக்கும் வராது.

பிடித்த மீனைத் தொடுமுன் கையை நனை. பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதே, மறு கையால் வயிற்றைத் தாங்கு. முட்டை சுமந்த பெண் என்றால் படகின் பக்கத்திலேயே தண்ணீருக்குள் வைத்துக் கொக்கியை எடுத்து, பிடித்த இடத்திலேயே விடு. தொட்டியில் போட்டு ஏரியைச் சுற்றிக் காட்ட வேண்டாம்.

கடைசியாக, நீ கண்ணை உருட்டப்போகும் பகுதி. படத்தில் இருக்கையின்மேல் மடித்து வைத்திருந்த மிதவைச் சட்டையைப் பார்த்தேன். வெளியே இருபது டிகிரி வெயில், சட்டை எதற்கு என்று தோன்றும், ஆனால் ஏரி இன்னும் பத்து டிகிரி. விழுந்த உடனே மூச்சு உன்னை மீறி வாரி இழுக்கும். தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. மூச்சை அடக்கவே ஒரு நிமிடம் ஆகும், அதன்பின் கைவிரல்கள் உருப்படியாக வேலை செய்வது பத்து நிமிடம் போல. எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறு, ஏறிய பிறகு அல்ல. எஞ்சினை நிறுத்தும் கயிற்றை இடுப்பில் மாட்டு. தனியாகப் போனால் எந்தக் குடா, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மாப்பிள்ளைக்கு எழுதிவை.

வெள்ளிக்கிழமை மாலை எதிர்க்கரை முனையில் வெப்பமானியை ஓர் ஆள் ஆழம் இறக்கிப் பார்த்து எனக்கு அனுப்பு, மேல் தண்ணீரை மட்டும் அளக்காதே. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் அந்த வெள்ளி நிற ஜெர்க்பெயிட்டையும், மேலே என்றால் சிவப்புக் கிராங்க்பெயிட்டையும் எடுத்து வை. கொக்கிகளைப் புதிதாக மாற்று, பழையவை மொட்டையாகிவிட்டன என்று போன முறையே சொன்னேன்.

அன்புடன்,
அம்மா