முதல் பருவத்தில் வாரம் ஒரு மணி நேரத்தை நூலகரிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டுச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாடப்பிரிவில் எத்தனை இடம், கட்-ஆஃப் எவ்வளவு என்று தினமும் செய்தி வருகிறது. சேர்ந்த பிள்ளைகள் மூன்று வருடமும் தாக்குப்பிடித்துப் பட்டத்தோடு வெளியே வருவதற்கு யார் யார் துணை நிற்கிறார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. காவிரிப் படுகையில் ஒரு கல்லூரியில் 90களின் தொடக்கத்தில் நூலகராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலையைப் பார்த்தவள் நான். உயர்கல்வித் துறைக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். முதல் பருவத்துக் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை நூலகரிடம் கொடுங்கள்.

எதற்கு என்று கேட்பார்கள். ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். வரலாறு முதலாண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பையன். ஆங்கிலேயர் காலத்தில் விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறை பற்றி அசைன்மென்ட் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அறுநூறு பக்கத்துக்குக் குறையாத ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதியம் பார்த்தபோதும் அதே முன்னுரையில்தான் இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, "இதுதான் இன்டெக்ஸ் தம்பி. உனக்கு வேண்டிய வார்த்தை இதில் எங்கே இருக்கிறது, பார்" என்றேன். விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தான். அந்த வார்த்தைக்கு எதிரே நாலைந்து பக்க எண்கள் இருந்தன. "இதை மட்டும் படித்தால் போதுமா மேடம்?" என்று கேட்டான். போதும், இப்போதைக்கு இது போதும் என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்கே எழுதி முடித்துவிட்டான்.

பன்னிரண்டு வருடம் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம்தான் பழக்கம். அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கும். கல்லூரியில் அப்படி இல்லை. ஒரு தாளுக்கு ஐந்தாறு புத்தகங்களின் பெயரைப் பாடத்திட்டத்தில் போட்டிருப்பார்கள். எதில் எந்த அலகு இருக்கிறது, எதைப் படிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பேராசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் பாடத்தை முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. பிள்ளைகள் கவுன்டருக்கு வந்து, "கணக்கு சார் சொன்ன நீலக் கலர் புத்தகம் மேடம்" என்று கேட்பார்கள். எந்த சார் எந்த நிறத்தைச் சொல்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஒவ்வொரு துறையின் பாடத்திட்டத்தையும் வாங்கி, அலகு வாரியாக எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்து அலமாரி ஓரத்தில் ஒட்டினேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது எங்கள் நூலகத் தொழிலின் ஐந்து விதிகளில் நான்காவது. பகுதிநேர வேலைக்கு ஓடுகிற பிள்ளைக்கு அந்த நேரம் கூலி மாதிரி.

தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. கணிதம் சேர்கிற பெண்கள் இன்னொரு வகையில் திணறுவார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான். வகையிடலும் தொகையிடலும் தமிழில் போட்ட கை, ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் நின்றுவிடும். இதற்குப் பெரிய செலவே வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களைத் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் வாங்கி, கணித அலமாரியிலேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் விரித்து வைத்து ஒரே கணக்கைப் பார்த்தால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். கல்லூரி நூலகத்துக்குப் பள்ளிப் புத்தகம் எதற்கு என்று அப்போது ஆட்சேபித்தவர்கள் உண்டு. அந்த அலமாரியில் அதிகம் கிழிந்து, திரும்பத் திரும்ப பைண்டிங் போனவை அந்தப் புத்தகங்கள்தான்.

இப்போது எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைக்கிறது, உண்மைதான். காந்திநகரில் இருக்கும், உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தால் 6,000-க்கும் மேற்பட்ட மின்இதழ்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்நூல்களும் மாணவர்களுக்குத் திறக்கும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025-இல் தொடங்கியபோது 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு வந்தன. ஆனால் கதவு தானாகத் திறக்காது. மாணவர் பட்டியலைப் பதிவேற்ற வேண்டும், ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வாங்கித் தர வேண்டும். சொந்தமாக மின்னஞ்சல் முகவரி இல்லாத பிள்ளைகள் என் கல்லூரியில் நிறையப் பேர். அப்பாவின் செல்போனை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, முகவரி தொடங்குவதிலிருந்து ஆரம்பிப்பேன். கோடிக்கணக்கில் சந்தா கட்டுகிறோம். கடைசியில் அந்தக் கால் மணி நேரத்தை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை.

வெளியே அதிகம் தெரியாத ஒரு விஷயம் உண்டு. படிப்பைப் பாதியில் விடுகிற மாணவர் டி.சி. வாங்க வேண்டுமானால் நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூ' கையெழுத்து வாங்கியாக வேண்டும். அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தால் நான் உடனே கையெழுத்துப் போட்டதில்லை. உட்கார வைத்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பேன். "திருப்பூருக்கு வேலைக்குப் போறேன் மேடம்" என்பான் ஒருவன். கொஞ்ச நேரம் பேசினால், முதல் பருவத்தில் மூன்று அரியர், வகுப்பில் எதுவும் புரியவில்லை, வீட்டில் சொல்லப் பயம் என்று உள்ளே இருப்பது வெளியே வரும். இன்னொருத்திக்கு ஊர்ப் பஸ் நேரம் மாறியிருக்கும். தினமும் முதல் வகுப்பு தவறிப்போய், வருகைப் பதிவு குறைந்து, தேர்வுக்கட்டணம் கட்ட முடியாமல் நிற்பாள். துறைத்தலைவரிடம் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறேன், முதல்வர் அறை வாசலில் காத்திருந்திருக்கிறேன். சிலர் தங்கினார்கள், பட்டம் வாங்கினார்கள். சிலர் போய்விட்டார்கள். போனவர்களின் நூலக அட்டையை எடுத்துப் பார்த்தால், முதல் பருவத்தில் ஒரு புத்தகம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர்களைக் கடைசி நாளில் சந்திப்பதற்குப் பதிலாக முதல் வாரத்திலேயே சந்திக்கத்தான் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கிறேன்.

அந்த ஐந்து விதிகளை வகுத்தவர், எங்கள் பக்கத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த புதிதில் மாணவர் முகமே பார்க்காத அந்தத் தனிமை தாங்காமல், திரும்பக் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவர் அவர். லண்டனுக்குப் போய்ப் பயின்று, அங்கே நூலகங்கள் வாசகர்களுக்காக ஓடியாடி வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் இது தன் வேலை என்று முடிவு செய்தார். ஓர் ஆசிரியரின் தவிப்பிலிருந்து வந்தது நம் நூலகத் துறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விதிகளில் கல்லூரி நூலகரும் உதவிப் பேராசிரியரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். கால அட்டவணையில் மட்டும் நூலகருக்கு இடமில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது எத்தனை நூல்கள், ஆண்டுச் செலவு எவ்வளவு, தினமும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்குக் கேட்பார்கள். அது தேவைதான். ஆனால் யார் உள்ளேயே வரவில்லை என்ற கணக்கை யாரும் கேட்டதில்லை. தணிக்கையிலோ காணாமல் போன புத்தகம்தான் பேச்சு. நூலகர்கள் பலர் அலமாரியைப் பூட்டி வைப்பது இந்தப் பயத்தில்தான். புத்தகத்துக்கு நம் கைக்காசு போகுமோ, ஓய்வூதியம் நிற்குமோ என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், ஆண்டில் 1,000 நூல்கள் புழங்கினால் அதில் 5 தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்றுக்கொள்கின்றன, அலட்சியமோ மோசடியோ இல்லாதவரை. இந்த அளவை ஒவ்வொரு கல்லூரியிலும் எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதி அலமாரிகள் திறந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நூலகர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், ஒரு பேராசிரியரிடமோ இளநிலை உதவியாளரிடமோ சாவியைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிடும் கல்லூரிகளை எனக்குத் தெரியும். அங்கே புத்தகம் வழங்குவார்கள், திரும்ப வாங்குவார்கள். இன்டெக்ஸைத் திருப்பிக் காட்ட ஆள் இருக்காது. ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். முதல் ஷிப்ட் பிள்ளைகள் மதியம் வேலைக்கு ஓடுகிறார்கள், அவர்களுக்கு வகுப்பு தொடங்குமுன் ஒரு மணி நேரம் நூலகம் திறந்திருந்தால்தான் உண்டு. அதற்கு ஆள் வேண்டும்.

நான் கேட்கும் ஒரு மணி நேரத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது நிதி வேண்டாம். ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்து, வாரம் மாற்றி வாரம் நூலகத்துக்கு அனுப்பினால் போதும். பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது, ஒரு புத்தகத்தில் வேண்டியதை மட்டும் எப்படி எடுப்பது, பழைய வினாத்தாள்கள் எங்கே இருக்கின்றன, அசைன்மென்டில் பிறர் எழுதியதைக் காப்பியடிக்காமல் எப்படிச் சொல்வது, மின்நூல் எப்படித் திறப்பது. ஒரு பருவத்துக்கு இவ்வளவு போதும். முதலாண்டு வகுப்புகளுக்கான கால அட்டவணை இந்த வாரங்களில்தான் துறைகளில் தயாராகும். தலா ஒரு மணி நேரத்தை இப்போதே எழுதிச் சேர்த்துவிடும்படி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்,
மயிலாடுதுறை மாவட்டம்.