ஹைப்பலோன் என்று எழுதி பிவிசி படகைத் தந்தது தொடர்பான புகார்

கொழும்பு 15
2025.01.06

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: 2024.11.02 அன்று உங்களிடம் வாங்கிய பாவித்த ரிப் படகு

ஐயா,

படகு பழசு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழசு என்று தெரிந்துதான் வாங்கினேன். புதிசு வாங்க வசதி இருந்திருந்தால் உங்கள் யார்ட் பக்கமே வந்திருக்க மாட்டேன். பற்றுச்சீட்டில் நீங்கள் எழுதித் தந்தது ஒரு சாமான் (ஹைப்பலோன் என்ற செயற்கை இறப்பர்), என் வீட்டு வாசலில் நிற்பது வேறொரு சாமான் (பிவிசி என்ற பிளாஸ்டிக்). புகார் அதுதான்.

விவரம் உங்கள் கோப்பிலும் இருக்கும். 4.7 மீட்டர் ரிப், அதாவது அடி பைபர், சுற்றிவர மூன்று அறை காற்று ரியூப். படகுக்கு 12½ இலட்சம், 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 7 இலட்சம், ட்ரெய்லருக்கு 2 இலட்சம், மொத்தம் 21½ இலட்சம் ரூபாய். மூன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருக்கிறீர்கள், அது பிறகு உதவும். அதே தாளில் உங்கள் விற்பனையாளரின் கையெழுத்தில் "ரியூப் ஹைப்பலோன், வருடம் 2015, ட்ரான்சம் நல்ல நிலை" என்று இருக்கிறது. ட்ரான்சம் என்றால் எஞ்சின் தொங்கும் பின்பலகை. பிரதி இணைத்திருக்கிறேன்.

இந்தக் காசில் 9 இலட்சம் நான் எடுத்த சீட்டு. 6 இலட்சம் மனைவியின் நகையை ஈடு வைத்தது. மிச்சம் மச்சான் கட்டாரில் உழைத்துக் கொண்டுவந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொழும்புக் கடலில் தாண்டு கிடக்கும் கப்பல்களைப் பார்க்கச் சுழியோடிகளை ஏற்றிப் போவது, மே மாதம் இந்தப் பக்கக் கடல் குழம்பியதும் ட்ரெய்லரில் நிலாவெளிக்கு இழுத்துப் போவது, இதுதான் எங்கள் கணக்கு. "காற்றடைத்த பைக்கு இருபத்தொரு இலட்சமா மருமகன்? அந்தக் காசுக்கு நல்ல பைபர் வள்ளம் எடுக்கலாமே" என்று மாமி அன்றைக்கே கேட்டார். சிலிண்டரும் முதுகுமாகத் தண்ணீரிலிருந்து ஏறுகிறவனுக்கு ரியூப் படகு எவ்வளவு சுகம் என்று அவருக்கு விளக்கம் கொடுத்தேன். இப்போது அவர் முன்னால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முதலில் சந்தேகம் வந்தது ஒரு ஒட்டுத்துண்டால். நீங்களே ஒரு பழுதுபார்க்கும் பெட்டி தந்தீர்கள், உள்ளே ஹைப்பலோன் துணி, ஹைப்பலோன் பசை. நவம்பர் 17 ஆம் திகதி காலையில் முன்பக்க அறை தொய்ந்து கிடந்தது. சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தால் இடப்பக்கப் பொருத்தின் ஓரத்தில் கடுகு கடுகாகக் குமிழி. பெட்டியில் எழுதியிருந்தபடியே செய்தேன்: மண்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சுப் பசை தடவி, காய விட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். மூன்றாம் நாள் காய்ந்த பொருக்குப் போல அப்படியே உரிந்து கையோடு வந்தது. திரும்ப ஒட்டினேன். திரும்ப உரிந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் முகத்துவாரத்தில் இந்த வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தேன். பொருத்தில் கொஞ்சம் எழும்பியிருந்த விளிம்பை நகத்தால் மடித்து உள்பக்கத்தைக் காட்டினார். வெளியே சாம்பல் நிறம், உள்ளேயும் அதே சாம்பல், அதே மினுக்கம். ஹைப்பலோன் துணிக்கு வெளிப்பக்கம் மங்கலாக இருக்கும், உள்பக்கம் நியோப்ரீன் பூசி வேறு நிறமாக இருக்கும் என்றார். பிறகு அந்த விளிம்பில் நூலளவு சீவி, சுட வைத்த ஆணியில் தொட்டார். மெழுகு போல உருகி இழுபட்டது. "தம்பி, இது பிவிசி. இந்தப் பசை இதிலே ஏழு ஜென்மத்துக்கும் பிடிக்காது." பிவிசிக்கு பொலியூரித்தேன் பசை வேண்டுமாம். ஆக, நீங்கள் விற்ற படகில் நீங்கள் தந்த பசையே ஒட்டவில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் பெயரில் மட்டும் இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். நல்ல ஹைப்பலோன் ரியூப் வெயிலையும் பெற்றோலையும் தாங்கி, கவனமாக வைத்திருந்தால் 15, 20 வருடம் உழைக்கும். பிவிசி நம் வெயிலில் முதலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து வெடிக்கும், பொருத்துகள் ஒவ்வொன்றாக விடும். டூபொண்ட் நிறுவனம் 2010 இல் ஹைப்பலோன் செய்வதையே நிறுத்திவிட்டது, இன்று அந்தப் பெயரில் விற்பதெல்லாம் மற்றவர்கள் செய்யும் அதே வகை இறப்பர் என்பது எனக்கும் தெரியும். அதில் நான் சண்டை பிடிக்கவில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் படகில் இருப்பது அது இல்லை.

அடுத்தது வருடம். ட்ரான்சத்தின் வலப்பக்கத்தில் படகின் அடையாள இலக்கம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் இரண்டு மடங்கு தடிப்பு. தின்னர் நனைத்த துணியால் அரை மணி நேரம் தேய்த்த பிறகு கடைசி நான்கும் தெரிந்தன: ஜி, 7, 0, 7. ஜி என்றால் ஏழாவது மாதம். அடுத்த 7 கட்டிய வருடத்தின் கடைசி இலக்கம். 07 மாடல் வருடம், அதாவது 2007. உங்கள் விற்பனையாளருக்கு அழைத்துச் சொன்னேன். "அப்படியென்றால் 2017 அண்ணே, நாங்கள் சொன்னதை விடப் புதிசு, உங்களுக்கு இலாபம்" என்றார். பின்னால் நிற்கும் 07 ஐ என்ன செய்வது என்று கேட்டதும் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அன்றிலிருந்து நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீலக் கோடு மட்டும்தான் பதில்.

ட்ரான்சம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் ஓரங்களில் 'டக்' என்கிறது, எஞ்சின் தொங்கும் நடுப்பகுதியில் 'டொப்' என்கிறது. கீழ் ஆணி ஒன்றைக் கழற்றியபோது கபில நிறத் தண்ணீர் வடிந்தது, ஊறிய பலகை மணம். உள்ளே இருக்கும் ப்ளைவூட் உக்கிவிட்டது. அதில்தான் 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் தொங்குகிறது.

எனக்கு உண்மையில் பயம் தந்தது இன்னொன்று. இடப்பக்க அறைக்கு மட்டும் காற்று அடித்தால், கொஞ்ச நேரத்தில் முன்பக்கமும் வலப்பக்கமும் தானாக உப்புகின்றன. அறைகளைப் பிரிக்கும் உள் தடுப்பு விட்டுப்போயிருக்கிறது. ஒரு அறை கிழிந்தால் மற்றவை மிதக்க வைக்கும் என்றுதான் மூன்று அறை வைக்கிறார்கள். இந்தப் படகில் ஒரு மீன் முள் குத்தினால் எல்லாம் சேர்ந்து இறங்கும். இதில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நான் முகத்துவாரம் தாண்டுவதா?

எஞ்சினில் குறை சொல்ல மாட்டேன். கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் வரும் அமுக்கம்) பார்த்தோம், இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. கியர் எண்ணெய் பால்தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது, சீல் மாற்ற வேண்டும். பழைய எஞ்சினில் அது வரும். அதை உங்கள் தலையில் கட்டவில்லை. என் பக்கப் பிழையும் இருக்கிறது: எஞ்சினை பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிக் காட்டியதோடு திருப்திப்பட்டேன், கடலில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே, வேறு ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவானே என்ற அவசரம். ஆனால் என் அவசரம் பிவிசியை ஹைப்பலோன் ஆக்காது.

நான் கேட்பது இதுதான். எஞ்சினையும் ட்ரெய்லரையும் நானே வைத்துக்கொள்கிறேன். படகை எடுத்துக்கொண்டு 12½ இலட்சத்தைத் திருப்பித் தாருங்கள். புது ரியூப் போட்டுத் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். அந்தச் செலவை விசாரித்துவிட்டேன், உக்கிய ட்ரான்சத்தில் அதைப் போடுவது வீண். இழந்த சீசனுக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்து ஜனவரி 20 ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எனக்குப் பெப்ரவரி 2 வரை நாள் இருக்கிறது, முறைப்பாட்டை எழுதியும் வைத்துவிட்டேன். இன்ன பொருள் என்று சொல்லி விற்றால் அது அதுவாகவே இருக்க வேண்டும் என்று 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டாதீர்கள். அதற்கு மேலே உங்கள் ஆள் கையால் எழுதியதைத்தான் நான் காட்டுகிறேன்.

படகு இப்போது மட்டக்குளியில் என் வீட்டு வாசலில் தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. ஆள் அனுப்பிப் பாருங்கள். முதல் நாள் பின்னேரம் உங்கள் முன்னாலேயே காற்று அடிக்கிறேன், மறுநாள் விடிய ஆறு மணிக்கு வந்து தொட்டுப் பாருங்கள். மத்தியானம் மட்டும் வராதீர்கள். வெயிலுக்குக் காற்று விரிந்து ரியூப் கல்லுப் போல இறுகி நிற்கும். நான் உங்கள் யார்டில் பார்த்ததும் மத்தியானம்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, அடையாள இலக்கம், ஒட்டுத்துண்டு, ட்ரான்சம் ஆகியவற்றின் படங்கள்